பகாவ் லயத்துச் சுவரில் இருந்த கட்டுரை

ஜப்பான்காரன் காலத்தில் உப்பு தேடிப் போனவர்கள் உண்டு. துணி தேடிப் போனவர்கள் உண்டு. நான் ஒரு இங்கிலீஷ் கட்டுரையைத் தேடிப் போனேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கம். மேட்டுத் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் சரிவு. சரிவுக்குக் கீழே காடு மூடிய பள்ளம், அதில் ஓர் ஓடை. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும். சண்டைக்கு முன்னால் வடிகால் கான்களிலும் குட்டைகளிலும் கொசு எண்ணெய் அடிப்பது என் வேலை. முதுகில் பம்பு, கையில் குழாய். எண்ணெய்க்காரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சண்டை வந்தது, எண்ணெய் நின்றது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எண்ணெயோடு மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மாத்திரையும் நின்றுபோனது. காய்ச்சல் நிற்கவில்லை. என் மனைவி பாக்கியத்துக்கு இரண்டு தடவை வந்து போனது. இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டாள் என்று டிரசர் தாமஸ் சொன்னார். தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பில் இருந்தது. மலையாளத்துக்காரர். பொய் சொல்லமாட்டார், ஆறுதலும் சொல்லமாட்டார்.

அந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பள்ளத்துக் காட்டை வெட்டி மரவள்ளி நட வேண்டும். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஆபீஸ் கணக்கு பார்த்த பெரிய கிராணிதான் தோட்டத்தை நடத்தினார். வெட்டினால் கிழங்கும் ஆச்சு, கொசுவும் ஒழியும் என்பது அவர் கணக்கு. டிரசர் ஆபீஸ் வாசலில் போய் நின்று வேண்டாம் என்றார்.

"ஏன்யா வேண்டாம்?"

"காட்டை வெட்டினால் கொசு போகும்னு ஒரு கட்டுரை படிச்சேன். காட்டை வெட்டினால் கொசு பெருகும்னு இன்னொண்ணு படிச்சேன். ஒண்ணு சதுப்பு நிலத்துக்கு, ஒண்ணு மேட்டு ஓடைக்கு. எது எதுக்குன்னு இப்போ உறுதியா சொல்ல வரலை."

"படிச்ச ஆளுதானே நீர்?"

"படிச்சதாலதான் நிக்கிறேன். நான் தப்பா சொன்னா லயத்துல பாதி வீடு காலி."

கிராணி தலையைச் சொறிந்தார். சிரம்பானில் இருக்கும் ஜப்பான் அதிகாரி படித்தவனாம். வாயால் சொன்னால் அறைவான், அச்சில் காட்டினால் கேட்பான். "காட்டும். அமாவாசை வரைக்கும் பள்ளத்துல கத்தி வைக்கமாட்டேன். அதுக்கு மேல என் தலை போயிடும்" என்றார்.

அந்தக் கட்டுரைகள் வந்த சஞ்சிகை சிரம்பானில் வெள்ளைக்கார டாக்டர் துரை வீட்டில் அலமாரி நிறைய இருந்தது. டிரசர் இரவல் வாங்கிப் படித்தது அங்கேதான். துரை கப்பலேறினார். வீடு சூறை போனது. காகிதமெல்லாம் அதே ஊரில் லோபாக் பக்கம் ஒரு கடைக்குப் போனதாகக் கேள்வி.

டிரசர் நோயாளிகளை விட்டு நகர முடியாது. நான் போகிறேன் என்றேன்.

"எழுத்து தெரியாதே உனக்கு."

"படம் தெரியும்."

அவர் மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்துப் படம் போட்டார். நடுவில் ஓடை. ஒரு கரையில் மரம், மறுகரை மொட்டை. கீழே ஒரு கொசு, இறக்கையில் புள்ளி. படத்துக்கு அடியில் கட்டுரையின் தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதினார். முதல் எழுத்து ஏணி மாதிரி. கடைசி எழுத்து நெளிந்த பாம்பு மாதிரி. போதும் என்று அட்டையை மடியில் செருகினேன்.

கிராணி பயண அனுமதிப் பாஸில் உப்பு வாங்கப் போவதாக எழுதினார். பாக்கியம் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்: "உப்பு வாங்கவா, காகிதம் வாங்கவா?"

"ரெண்டும்."

"உப்பை மறந்துடாத."

காலையில் சைக்கிளில் கிளம்பினேன். அப்போது டயர் கிடையாது. நாங்கள் ரப்பர் ஷீட்டைக் கயிறாகத் திரித்துச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டுவோம். தோட்டத்து மண் பாதையில் நன்றாக ஓடும். தார் ரோட்டில் வெயில் ஏறியதும் ஷீட்டு இளகியது. வழியில் கிடந்த சரளைக்கல்லெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. சக்கரம் பலாப்பழம் மாதிரி ஆனது. பாதி வழி சைக்கிள் என்னைச் சுமந்தது, பாதி வழி நான் சைக்கிளைச் சுமந்தேன். கான் தண்ணீர் கண்ட இடத்தில் சக்கரத்தை முக்கிக் குளிரவைத்து ஏறினேன். சிரம்பானில் ஜப்பான் சிப்பாய் நின்ற இடத்தில் இறங்கி இடுப்பை வளைத்துக் கும்பிட்டேன். சக்கரத்தைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸைப் பார்க்காமலே போ என்றான்.

லோபாக்கில் அந்தக் காகிதத்தை வாங்கிய சாகுல் பாய் கடையை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ராமநாதபுரம் கடற்கரைக்காரர். ஒரு காலத்தில் ரொட்டியும் ஆட்டுக்கறியும் போட்ட கடை. இப்போது மரவள்ளி மாவில் ரொட்டி, சோளத்தை வறுத்துப் பொடித்த காப்பி. ரொட்டியைப் பிய்த்தால் ரப்பர் மாதிரி இழுத்தது. எங்கள் தோட்டத்தில் நாங்கள் கிழங்கை அவித்து அப்படியே தின்போம். பாய் அதை வீசி, மடித்து, சுட்டு, வட்டமாகக் கொடுத்தார். தின்பது அதே கிழங்குதான். ஆனால் வட்டமாக இருந்தால் ஒரு மரியாதை.

அட்டையைக் காட்டினேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"அட, அந்த வழவழப்புக் காகிதமா! தூக்கிட்டு வந்து போட்டானுவ, மூட்டை மூட்டையா. நானும் ஆசையா வாங்கினேன். வடையை வச்சா எண்ணெயை உறிஞ்சமாட்டேங்குது தம்பி. கருவாட்டை வச்சா வழுக்கி விழுது. டாக்டர் துரை காகிதம், கருவாட்டை மதிக்கலை!"

"இப்ப எங்க பாய்?"

"பகாவ்ல என் மச்சான் கடை வச்சிருக்கான். அவன் எதைக் கொடுத்தாலும் வாங்குவான், புத்தி கம்மி. அவன் தலையில கட்டிட்டேன்."

கடையில் மிஞ்சியிருந்த சில தாள்களையும் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஈரல் படம், எலும்புப் படம், பல் படம். ஓடை இல்லை. அன்று கடைக்குப் பின்னாலேயே படுக்கச் சொன்னார். சக்கரத்துக் கல்லைச் சுரண்டிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் சைக்கிளைப் பாயிடம் விட்டுவிட்டுக் கரி லாரியில் ஏறினேன். பெட்ரோல் இல்லாத காலம். லாரிக்குப் பின்னால் கொப்பரை மாதிரி ஓர் அடுப்பு, அதில் கரி எரியும், அந்தப் புகையில் வண்டி ஓடும். சமதரையில் ஓடியது. புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் இருமி இருமி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடுப்பின் விசிறியைச் சுற்றினார். நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் பக்கத்தில் ஒரு மலாய்க் கிழவர் தோள் கொடுத்தார். அவர் மலாயில் சொன்னார்: "முன்னே நாம் லாரியில் போனோம். இப்போது லாரி நம்மில் போகிறது."

ஒரு சீனத்து அம்மாள் மட்டும் இறங்கவில்லை. மடியில் வாத்துக் கூடை. டிரைவர் கத்தினார். அவள் அசையாமல் பதில் சொன்னாள்: "நான் இறங்கினால் வாத்து இறங்கும். வாத்தைப் பிடிக்க நீ ஓடுவாயா, வண்டியைத் தள்ளுவாயா?" நியாயமாகப் பட்டது. அவளையும் சேர்த்தே தள்ளினோம். உச்சி ஏறியதும் கூடையிலிருந்து அவித்த சர்க்கரைவள்ளி எடுத்துத் தள்ளியவர்கள் கையில் எல்லாம் ஒரு துண்டு வைத்தாள். டிரைவருக்குக் கொடுக்கவில்லை.

பகாவ் போய்ச் சேர்ந்தபோது சட்டை கரியாகவும் முகம் அதைவிடக் கரியாகவும் இருந்தது. பாயின் மச்சான் காசிம் கடை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே. புத்தி கம்மி என்று பாய் சொன்னது தப்பு. அந்தக் காகிதத்தை எதற்கு விற்பது என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

"சுவத்துல ஒட்ட! வழவழன்னு, வெள்ளையா, காத்தும் புகாது. கல்யாணம் வச்ச வீட்டுக்காரன் எல்லாம் வாங்கிட்டுப் போனான் லா. நீங்க காட்டுற மாதிரி ஓடைப் படம் பாத்த ஞாபகம். மேல் தோட்டத்துல சின்னப்பொண்ணுன்னு ஒரு புள்ள. அவ வீட்டுக்காரன்தான் அந்தக் காகிதக் கட்டை வாங்கினான்."

"அவரைப் பாக்கலாமா?"

காசிம் குரலைத் தாழ்த்தினார். "சயாமுக்கு ரயில் ரோட்டு வேலைக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவ மட்டும்தான் இருக்கா."

உப்பு இருந்தது. ஒரு சிறு பொட்டலம் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அந்தத் தோட்டமும் எங்கள் தோட்டம் மாதிரிதான். அதே கூரை, பிள்ளைகளை விடும் அதே ஆயாக் கொட்டகை, அதே இருமல். ஒரு வித்தியாசம். அங்கே ஓடைப் பள்ளத்துக் காட்டை வெட்டிவிட்டார்கள். கரையோரம் வரை மரவள்ளி, இளசு, முழங்கால் உயரம். ஓடை முழுக்க வெயில். லயத்தில் போர்வைக்குள் ஆட்கள். பார்த்துக்கொண்டே போனேன்.

சின்னப்பொண்ணு வாசலில் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். சாக்கைத் தைத்துக் கட்டியிருந்தாள். யார், எங்கிருந்து, எதற்கு என்று சொன்னேன். நம்பவில்லை.

"காகிதம் தேடி அங்கேருந்து வந்தியா? சண்டை காலத்துல பைத்தியமும் அதிகமாயிடுச்சி."

"பாத்துட்டுப் போயிடறேன் தங்கச்சி."

உள்ளே விட்டாள். பலகைச் சுவர் முழுக்கத் தாள். அடுப்புப் பக்கம் கறுத்துப்போயிருந்தது. வாசல் பக்கம் நன்றாக இருந்தது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். வாசலுக்கு வலது பக்கம் கண் நின்றது. ஏதோ தப்பாக இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் தலைகீழாக ஒட்டியிருக்கிறார். ஓடை மேலே, மரம் கீழே தொங்கியது.

"அதுவா? தினம் பாக்குறேன், வௌவால் தொங்குதுன்னு நெனச்சேன்" என்றாள்.

அட்டையையும் தலைகீழாகப் பிடித்தேன். ஏணி இருந்தது. பாம்பு இருந்தது. நடுவில் இருந்த எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். எல்லாம் சரி. அதை ஒட்டி வரிசையாக இன்னும் மூன்று தாள்.

"இது எனக்கு வேணும்."

"கிழிக்கக் கூடாது." முகம் மாறிவிட்டது. "அவரு ஒட்டினது. கல்யாணத்துக்கு மொத நாளு, நான் இந்த வீட்டுக்கு வரதுக்கு முன்னால, தனியா நின்னு ஒட்டினாராம். அவரு வந்து பாக்கும்போது அப்படியே இருக்கணும்."

"எங்க தோட்டத்துல உயிர் போகுது."

"இங்க மட்டும் என்ன போகுது, மயிரா?"

சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். தாளின் மேல் ஒரு பளபளப்பு, தேன் நிறத்தில். கரப்பான் பசையைத் தின்னாமல் இருக்க, ஒட்டிய பிறகு மேலே பால் பூசியிருக்கிறார். ரப்பர் பால். பால் வெட்டுகிற ஆள், வீட்டுக்கும் அதையே பூசியிருக்கிறார். ஒரு மூலையில் பால் காய்ந்து சுருண்டிருந்தது. சுருண்ட இடத்தில் தாளில் எழுத்து இல்லை. எழுத்து பாலில் இருந்தது.

"தங்கச்சி, தாளைத் தொடலை. மேல இருக்கற பாலை மட்டும் உரிச்சுக்கறேன். தாளு சுவத்துலயே இருக்கும்."

மூலையைத் தொட்டுப் பார்த்தாள். யோசித்தாள்.

"உரிச்சுக்க. ஆனா ஒண்ணு. எங்க சுவத்துல இருந்தது. அதுல என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கும் வந்து சொல்லணும்."

"வந்து சொல்றேன்."

"ஆம்பளைங்க எல்லாரும் வரேன்னுதான் சொல்லிட்டுப் போறீங்க."

"நான் வருவேன்."

மரத்தில் வெட்டுக்கோட்டில் காய்ந்த பாலை இழுப்பது போல்தான். அவசரப்பட்டால் அறும். நகத்தால் மூலையை எழுப்பி, தாளோடு ஒட்டிப் படுக்கையாக, மெல்ல இழுத்தேன். மெல்லிய தோலாக வந்தது. தாளின் மேல்பூச்சும் மையும் அதோடு வந்தது. சுவரில் வெள்ளை மட்டும் நின்றது. ஓர் இடத்தில் அறுந்தது. சின்னப்பொண்ணு விளக்கெண்ணெய் தொட்ட விரலை நீட்டினாள். எண்ணெய் தடவ வேண்டாம், மை போய்விடும் என்றேன். அதற்குப் பிறகு அவளே கீழ் மூலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை என் கையைவிட நிதானம்.

நான்கு தாளும் வந்தது. சுருட்டப் போனேன். "ஒட்டிக்கும்" என்றாள். அவள் சொன்னது சரி. பாலும் பாலும் சேர்ந்தால் பிரியாது. துருவிக் காயவைத்திருந்த மரவள்ளி மாவில் ஒரு பிடி எடுத்து இரண்டு பக்கமும் தூவினாள். அந்தக் காலத்தில் ஒரு பிடி மாவு ஒருவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. மடியில் இருந்த உப்பில் பாதியைப் பிரித்து வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கோலா பிலாவில் சோதனை. சிப்பாய் சுருளைப் பிரிக்கச் சொன்னான். இங்கிலீஷ் அச்சு வைத்திருந்தால் வேவுகாரன் என்று கொண்டுபோன கதை கேட்டிருக்கிறேன். பிரித்தேன். உரித்த பக்கம் மேலே இருந்தது. அந்தப் பக்கம் எழுத்தெல்லாம் திரும்பி இருக்கும், கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. அவன் அப்படிப் பார்த்தான், இப்படிப் பார்த்தான். எந்த ஊர் பாஷை என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மாவை நக்கிப் பார்த்தான். துப்பினான். போகச் சொன்னான். நான் லாரியைத் தள்ளுவதற்கு மற்றவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

பாயிடம் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அமாவாசைக்கு முன்னாலேயே தோட்டத்துக்கு வந்து டிரசர் மேசையில் விரித்தேன். அவரும் முதலில் திரும்பிய பக்கத்தைத்தான் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. நான் மாவைத் தட்டி, புரட்டித் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பாலுக்குள்ளே எழுத்து நேராக நின்றது. டிரசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். வாய்க்குள் படித்தார். தாளின் பின்பக்கம் சுவரோடு போய்விட்டதால் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம்தான் கிடைத்தது. படித்துக்கொண்டே போனவர் கடைசித் தாளில் நிறுத்தி விரலை வைத்தார்.

"இது மேட்டு ஓடைக்கு. தெளிஞ்ச தண்ணி, ஓடற தண்ணி. வெயில் பட்டா இந்தக் கொசு வந்து முட்டை போடும். நிழல் இருந்தா வராது. வெட்டக்கூடாது. எண்ணெய்க்காரா, வெட்டக்கூடாது!"

அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கிராணி சுருளைக் கையில் வாங்கினார். "இது என்ன, கட்டுரையா, செருப்பு தைக்கிற தோலா?" ஆனாலும் சிரம்பானுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் நின்று அவரே சொன்னார். அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தானாம். ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தானாம். எழுத்து பெரிதானதாம். விட்டால் சிறிதானதாம். மறுபடி இழுத்தானாம். சிரித்தானாம். பிறகு டிரசர் எழுதிக் கொடுத்ததில் முத்திரை குத்தினானாம். மரவள்ளி மேல் சரிவில். பள்ளத்தில் யாரும் கத்தி வைக்கக்கூடாது.

பாக்கியம் கேட்டாள்: "உப்பு ஏன் பாதிதான் இருக்கு?"

சொன்னேன்.

"அப்போ போய்ச் சொல்லிட்டு வா" என்றாள்.

மறுபடி பாஸ், மறுபடி உப்பு என்று பொய், மறுபடி பலாப்பழச் சக்கரம், மறுபடி புக்கிட் புத்துஸ். இந்தத் தடவை வாத்து இல்லை. சின்னப்பொண்ணு என்னைப் பார்த்துத் துருவிக்கொண்டிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கட்டுரையில் இருந்ததை டிரசர் சொன்னபடியே சொன்னேன். கேட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் பார்த்தாள்.

"அப்போ நாங்க வெட்டினது தப்பு."

"உங்களுக்கு யாரும் சொல்லலை."

"கிழங்கைப் பிடுங்கிட்டா எதைத் திங்கிறது?"

அது கட்டுரையில் இல்லை. டிரசரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். நானும் வாசலில் நின்று பார்த்தேன். உரித்த இடம் வெள்ளையாக இருந்தது. தாள் மெலிந்துபோனதால் பின்பக்கத்து எழுத்து லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. டிரசருக்குக் கிடைக்காத பக்கங்கள். பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவள் அந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். மூலையில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். அவள் வீட்டுக்காரரின் மண்வெட்டி, நீளப் பிடி.

"கிழங்கு இருக்கட்டும். தண்ணி ஓரத்துல வாழை வைக்கலாம். சீக்கிரம் ஏறும், நிழலும் விழும், காயும் கிடைக்கும். அவரு வரதுக்குள்ள ஓடையை நிழல் மூடிடும்ல?"

"மூடிடும்" என்றேன்.

வாழைக்கன்று மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்தில் கிடைக்கும் என்றாள். கன்று போட்டுவர ஒரு சாக்கை நான் தூக்கிக்கொண்டேன். மண்வெட்டியை அவள் கொடுக்கவில்லை.